அறிவு வேட்கையும் அதன் காவலும்

அறியவேண்டும் என்னும் வேட்கையே மனிதனை உயர்த்துவது. ஆயினும் காவலற்ற வேட்கை கேடாய் முடியும் என்பதை விஞ்ஞானக் கதைகள் தொடக்கமுதலே உணர்த்தி வருகின்றன.

மேரி ஷெல்லி அம்மையார் எம்மையொத்த இளம்பருவத்தில் எழுதி, 1818-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் நவீனத்தை நோக்குவோம். விக்டர் என்னும் மாணவன் பிணங்களின் உறுப்புகளைக் கூட்டி உயிர் அளிக்கின்றான். அவ்வுரு கண் விழித்ததும் அஞ்சி ஓடுகின்றான். ஆதரிப்பாரற்ற அவ்வுரு அவன் தம்பியையும் நண்பனையும் மனைவியையும் கொல்கின்றது. எச். ஜி. வெல்ஸ் 1897-இல் வெளியிட்ட கதையிலோ, கிரிபின் தன் உருவை மறைக்கும் வழி கண்டான். மீளும் வழி கண்டிலன்.

இவை வெறுங் கதைகளோ? எர்ணாவூரினராகிய எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரவு, அண்மையிலுள்ள எண்ணூரில் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி, உறக்கம் விடுத்து ஓடினர். அம்மோனியாவோ பயிரை வளர்க்கும் உரத்திற்கு மூலமாவது. காற்றிலுள்ள நைட்ரஜனினின்று அதனை ஆக்கும் முறையை 1909-இல் செய்து காட்டிய ஹேபரே, 1915-இல் போர்க்களத்தில் குளோரின் நச்சுவாயுவை ஏவுவித்தார்.

ஆதலின் குற்றம் அறிதலில் இல்லை. ஆக்கியதைக் காவாது விடுத்தலிலேயே உளது. 'இது கைமீறின் துன்புறுவோர் யாவர்? அடக்கும் வழி யாது?' என முன்னரே வினவுதலும் அறிவு வேட்கையின் கூறேயாம். அவ்வினாவை எழுப்பாத வேட்கை குறைபட்ட வேட்கையே என்பது எம் துணிபு.