கள்ளன் பெரியவனா, காப்பவள் பெரியவளா?

புதுச்சேரிக்கு ஒற்றர்கள் புதியவர்கள் அல்லர். 1908 முதல் 1918 வரை மகாகவி பாரதியார் இங்கே வாழ்ந்த காலத்தில், பிரிட்டிஷ் இந்தியப் போலீசின் வேவுகாரர்கள் வீதி வீதியாக அலைந்தார்கள். அந்த நாளில் வேவு பார்ப்பவன் தெருமுனையில் நிற்க வேண்டும். வெயிலில் காய வேண்டும். மழையில் நனைய வேண்டும். இந்த நாளிலோ அவனுக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. ஆயிரம் மைலுக்கு அப்பால் நாற்காலியில் சாய்ந்தபடியே, மிஷன் வீதியில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பாங்குக் கணக்குக்குள் தலையை நீட்டிவிடுகிறான்!

அவனை முந்திக்கொண்டு போய், "இந்த ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை" என்று எச்சரிக்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்குத்தான் 'எதிகல் ஹாக்கர்' என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை; கள்ளனுடைய வித்தையைக் கற்ற காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கும் பெண்களுக்கு ஒரு படி மேலே ஏற இது நல்ல ஏணி.

"ஐயையோ, பூட்டு உடைக்கிற படிப்பா? நம் குடும்பத்துக்கு அது வேண்டாமடி அம்மா!" என்று பாட்டிமார் சொல்லக்கூடும். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆகவே அதை முதலில் பார்த்துவிடுவோம்.

லக்ஷ்மணக் கோடு

கள்ளனுக்கும் காவலாளிக்கும் வித்தை ஒன்றேதான். வித்தியாசம் ஒரே ஒரு காகிதத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த அனுமதிதான் அது. எந்தக் கம்ப்யூட்டரை, எந்த நாளில், எந்த அளவுக்குச் சோதிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டினால் 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் காத்திருக்கிறது. அனுமதியில்லாமல் பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் 43-ம் பிரிவின்படி நஷ்டஈடு. வஞ்சக எண்ணத்தோடு செய்தால் 66-ம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கோட்டுக்குள் நின்றே பெயர் வாங்கியவர் சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா. இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல் மறந்துவிட்டால் டெலிபோனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். பத்து நிமிஷத்தில் அது காலாவதியாகிவிடும். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் எண்கள். ஒரே இடத்திலிருந்து ஒருவர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், கம்பெனியின் கம்ப்யூட்டர் சீக்கிரமே கதவைச் சாத்திவிடும். ஆனால் ஆயிரம் இடங்களிலிருந்து ஏககாலத்தில் அனுப்பினால்? கதவு சாத்தப்படவில்லை! இரண்டு லட்சம் எண்களை அனுப்பி இதை நிரூபித்தார். நிரூபித்ததை அந்தக் கம்பெனிக்கே எழுதி அனுப்பினார். ஓட்டை அடைக்கப்பட்டது. 2019-ல் அவருக்குக் கிடைத்த சன்மானம் 30,000 டாலர். இப்படிச் சோதித்துச் சொல்பவர்களுக்குப் பரிசு தருவதாக அந்தக் கம்பெனியே முன்கூட்டி அறிவித்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எந்தப் பரீட்சை?

விளம்பரங்களில் அதிகம் அடிபடுவது 'ஸி.இ.எச்.' அமெரிக்காவின் இ.ஸி. கவுன்சில் 2003-ல் தொடங்கியது. நாலு மணி நேரம், 125 கேள்விகள். கொடுத்த விடைகளில் சரியானதைக் குறிக்க வேண்டும். அவர்களுடைய பயிற்சியில் சேராமல் நேரே எழுதுவதானால், இந்தத் துறையில் இரண்டு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். பரீட்சைக் கட்டணம் மட்டுமே ஏறக்குறைய ஆயிரம் டாலர்!

'ஸெக்யூரிட்டி பிளஸ்' என்பது காம்ப்டியா அமைப்பின் பரீட்சை. 90 நிமிஷத்தில் அதிகம் போனால் 90 கேள்விகள். அடிப்படையைச் சோதிப்பது, கட்டணமும் குறைவு. முதல் படிக்கு உகந்தது.

'ஓ.எஸ்.ஸி.பி.' என்பதுதான் அக்கினிப் பரீட்சை. குறிப்பதற்கு விடைகள் கிடையாது. 23 மணி 45 நிமிஷ நேரத்தில் உண்மையாகவே கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து காட்ட வேண்டும். காமிரா உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பிடவும் கண்ணயரவும் எழுந்து போகலாம்; ஆனால் கடிகாரம் நிற்காது. அது முடிந்தபின் இன்னொரு 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அடுப்பைக் கவனிக்கவும் வீட்டில் வேறொருவர் முன்வந்தாலொழிய இதில் இறங்குவது கஷ்டம். கணவன்மார்கள் இந்த இடத்தைச் சற்று உரக்கப் படித்துப் பார்க்கலாம்.

வீட்டுக்குள்ளே பாடசாலை

பணம் கட்டுவதற்கு முன் ஆறு மாதம் வீட்டிலேயே படித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். பேராசிரியர் இந்திரனில் சென்குப்தா என்.பி.டெல். மூலம் நடத்திய பன்னிரண்டு வாரப் பாடம் இருக்கிறது, அப்போது கரக்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்தவர். அந்த வீடியோக்களைப் பார்க்கக் காலணா செலவில்லை.

முதலில் 'நெட்வொர்க்' பாடம். புதுவைக்காரர்களுக்கு இது சுலபமாகவே விளங்கும். கோடு போட்டாற்போல நேர்நேரான வீதிகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். வலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு விலாசம். வித்தியாசம் என்னவென்றால், அந்த வீட்டுக்கு 65,535 கதவுகள்! எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதுதான் வித்தையின் அரிச்சுவடி.

அடுத்தது லினக்ஸ், கொஞ்சம் பைதான். இந்தத் தொழிலுக்கென்றே கருவிகளை அடுக்கிவைத்த ஒரு லினக்ஸுக்குக் 'காளி' என்று பெயர். இலவசமாகவே கிடைக்கும்; ஆடும் கோழியும் கேட்காது! பழகிப் பார்ப்பதற்கென்றே வேண்டுமென்று ஓட்டை வைத்துக் கட்டிய வலைத்தளங்களும் உண்டு. 'ஜூஸ் ஷாப்', 'வெப்கோட்' ஆகிய இரண்டையும் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நிறுவி, ஊருக்குத் தொந்தரவில்லாமல் உடைத்துப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒன்று. படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்தில், பெயருக்குப் பதிலாக "பீரோவைத் திற" என்று ஒருவன் எழுதுகிறான். குமாஸ்தா அதைப் பெயர் என்று எண்ணாமல் உத்தரவாக எண்ணிப் பீரோவைத் திறந்துவிடுகிறார். அந்த அசட்டுக் குமாஸ்தாவைக் கண்டுபிடிப்பதுதான் 'எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன்' சோதனை.

உள்ளதைச் சொன்னால்

சான்றிதழ் கையில் வந்த மறுநாளே உத்தியோகம் வாசலில் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நூறு சதவிகித வேலை உத்தரவாதம் என்று சொல்லிக் கடன் பத்திரத்தை நீட்டும் இடத்தில் நகையைக் கழற்றவே வேண்டாம். இந்தத் துறையில் முதல் வேலை பெரும்பாலும் கண்காணிப்பு அறையில்; ராத்திரி முறையும் வரும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போக நேரலாம்.

ஆனால் தேவை வளர்ந்துகொண்டிருப்பது உண்மை. ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசின் 'ஸெர்ட்-இன்' அமைப்பு உத்தரவிட்டது. 2023-ல் இயற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தருகிறது. அபராதம் கட்டுவதைவிடக் காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது லாபம் என்று கம்பெனிகளுக்குக் கணக்குத் தெரியாதா?

சாப்ட்வேர் சோதனை வேலையில் ஏற்கெனவே இருக்கும் பெண்களுக்கு இங்கே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. "எங்கே தவறும்?" என்று பார்க்கும் கண் அவர்களுக்கு உண்டு. மீதிப் பாதி, எழுத்து. என்ன கண்டேன், எப்படிக் கண்டேன், ஆபத்து எவ்வளவு, சரிசெய்வது எப்படி: இந்த நாலையும் தெளிவாக எழுதத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிலைப்பார். உடைக்கத் தெரிந்தவர் பலர். உடைத்ததை முதலாளிக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவர் சிலரே. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, அன்றன்று செய்ததை எழுதிவாருங்கள். உத்தியோகப் பேட்டியில் சான்றிதழுக்கு அடுத்தபடி பேசப்போவது அந்த நோட்டுப் புத்தகந்தான்.