கடலோரத்தில் மூன்று நாள்கள்

கடற்கரை என்றதும் நம் குடும்பங்களின் நினைவுக்கு வருவது வேளாங்கண்ணிதான். அங்கே நாம் செல்வது நேர்ச்சை செலுத்துவதற்கு; மெழுகுதிரி ஏற்றி, முடியிறக்கி, கூட்டத்தில் பேரப்பிள்ளைகளைத் தவறவிடாமல் பற்றிக்கொண்டு திரும்புவதற்கு. ஓய்வுக்காகவே கடலோரம் சென்று தங்குவதென்பது நம்மவர்க்கு இன்னும் சற்றுக் கூச்சம் தரும் செய்தி. 'இந்த வயதில் உல்லாசப் பயணமா?' என்று ஊரார் கேட்குமுன் நம் மனமே கேட்டுவிடுகிறது.

கணவர் பணி ஓய்வு பெறும் நாளில் மாலை அணிவிக்கிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள். மனைவிக்கு ஓய்வு தந்தவர் யார்? அதுவரை காலையில் வெளியேறி மாலையில் திரும்பியவர், இப்போது பகல் முழுவதும் வீட்டில் இருக்கிறார். பதினொரு மணிக்கு ஒரு காப்பி கூடுதலாயிற்று என்பதே இல்லத்தலைவி கண்ட பணி ஓய்வு! 'வீட்டிலேயே ஓய்வாக இரேன்' என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. அடுப்பு கண்ணில் படும்வரை அவரால் உட்கார இயலாது. அவரை அங்கிருந்து அழைத்துத்தான் செல்லவேண்டும்.

திருச்சியில் வாழும், நாம் நன்கறிந்த தம்பதியர் இருவர் மாசி மாதத்தில் தரங்கம்பாடிக்குச் சென்று மூன்று நாள்கள் தங்கி வந்தனர். கணவர் அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர்தம் இசைவுடனேயே இதனை எழுதுகிறோம். தஞ்சை, குடந்தை வழியாக மயிலாடுதுறைவரை ரயில். அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பேருந்து. முதியோருக்கு ரயிலில் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை அவர் வழிநெடுகக் குறைகூறினாராம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, சித்திரைக்குமேல் வெயில். முதியோருக்குத் தையும் மாசியுமே தக்க காலம்.

சிறிய ஊர்; முழங்கால் வலியுள்ளோரும் நடந்து பார்க்கலாம். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டென்மார்க் நாட்டார் இங்கே கோட்டை எழுப்பினர். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து அரசர் வீதியில் நேரே நடந்தால் கடல். அவ்வீதியில்தான் சீகன்பால்கு கட்டிய, 1718-இல் முடிவுற்ற, புதிய எருசலேம் ஆலயமும் அவரது கல்லறையும் உள்ளன. 1706-இல் வந்திறங்கிய அவர், சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் முடித்தவர். நம் வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடியாருக்கும் அந்நாளில் கடும் எழுத்துப்போர் நடந்ததுண்டு. இன்று இரு சாராரின் தமிழையும் நாம் நன்றியோடு படிக்கிறோம்.

முதல் நாள் விடியுமுன் அம்மையார் வழக்கம்போல் எழுந்துவிட்டார். செய்வதற்கு ஒன்றுமில்லை. 'பால்காரரிடம் சொல்லிவிட்டீர்களா?' என்று இருமுறை கேட்டார். கணவர் கடைக்குச் சென்று தேநீர் வாங்கிவந்து கையில் கொடுத்தார். மணவாழ்வின் முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் நீட்டிய முதல் குவளை அதுவே. அதை வாங்க அம்மையாருக்குக் கை கூசிற்றாம்.

இரண்டாம் நாள் மாலை, கடலரிப்பில் பெரும்பகுதியை இழந்து நின்ற மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அமர்ந்திருந்தனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அவ்வூரில் கொண்டுசென்ற பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. சிறிது நேரம் சென்று அம்மையார் ஒரு பெயரைச் சொன்னார். மணமான மறு ஆண்டு பிறந்து, நாற்பதாம் நாள் இறந்த தலைமகனுக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர். அவ்வீட்டில் அப்பெயரை எவரும் உச்சரித்ததில்லை. நினைவுபடுத்துவது கொடுமை என்று கணவர் வாய்மூடியிருந்தார். அவர் மறந்துவிட்டார் என்று மனைவி எண்ணியிருந்தார். ஆண்டுதோறும் அந்நாளில், அலுவலகம் செல்லும் வழியில், கல்லறைத் தோட்டத்திற்குத் தாம் தனியே சென்று வந்ததை அவர் அன்றுதான் சொன்னார். விளக்கு வைக்கும் நேரம் கடந்தும் இருவரும் எழவில்லை.

பிள்ளைகளும் உடன் சென்றிருந்தால் இப்பேச்சு நிகழ்ந்திராது என்பது நம் எண்ணம். 'நாங்களும் வருகிறோம்' என்ற மகளை, 'நீ பிறகு போ' என்று நிறுத்தியவர் மருமகன். நல்ல மனிதர்! பெற்றோர் ஓய்வு பெற்றுவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குக் காவலாள் கிடைத்துவிட்டதென மகிழும் மக்கள் உண்டல்லவா?

செலவு பெரிதன்று. எளிய விடுதி, உணவகத்தில் சாப்பாடு, சோழமண்டலக் கரையில் அலை வலிது என்பதால் கடலில் இறங்கவில்லை, கணுக்காலை நனைத்ததோடு சரி. மூன்றாம் நாள் அம்மையார் காலை ஏழு மணிவரை உறங்கினாராம். திருமணத்திற்குப்பின் இது முதல் முறை என்று அவரே நம்மிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

இப்போது அவர்கள் வீட்டில் காலைத் தேநீர் போடுபவர் கணவர். சர்க்கரை சற்றுக் கூடுதல் என்பதே அம்மையாரின் குறை.