தாமஸ் வில்ஃப்ரெட்: ஒளிக்குக் காலத்தை ஊட்டியவர்

ஒளியை ஓவியத்துக்குத் துணையாகவோ மேடைக்கு அலங்காரமாகவோ கொள்ளாமல், நகரும் ஒளியையே கலைப்பொருளாக வடித்தெடுக்கும் இயங்கொளிக் கலையின் முன்னோடிகளுள் முதன்மையானவர் தாமஸ் வில்ஃப்ரெட் (1889–1968). டென்மார்க்கில் பிறந்து 1916இல் அமெரிக்காவில் குடியேறிய இவர், லூட் என்னும் பழைய நரம்புக்கருவியை மீட்டிப் பாடிப் பிழைத்தவாறே ஒளிச் சோதனைகளைத் தொடர்ந்தார்; அவற்றின் பயனாக உருவான ‘கிளாவிலக்ஸ்’ என்ற கருவியின் விசைகளை நகர்த்தித் திரையில் ஒளியுருவங்களை எழுப்பி அசைத்துக் கரைக்கும் நிகழ்ச்சியை, 1922 ஜனவரி 10 அன்று நியூயார்க்கில் முதன்முறையாகப் பொதுமக்கள் முன் நடத்தினார்.

அவருக்கு முன்பு வண்ண ஆர்கன் செய்தோர் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம் எனக் கணக்கிட்டு, ஒளியை இசையின் நிழலாக்கிவிட்டனர். வில்ஃப்ரெட் அந்த ஒப்புமையை ஏற்கவில்லை. 1926இல் பிலடெல்பியா இசைக்குழுவின் ‘ஷெஹெரசாட்’ நிகழ்ச்சிக்கு ஒளி அமைத்தாரெனினும், ‘லூமியா’ என்று தாம் பெயரிட்ட கலை மௌனத்திலேயே முழுமை பெறும் என்பதில் உறுதியாக நின்றார். அவரது வாழ்க்கையில் மிக முக்கியமான முடிவு இதுவே எனலாம்.

பின்னாளில் அவர் செய்த தானியங்கிப் பெட்டிகளின் உள்ளமைப்பு வியப்பூட்டுமளவு எளியது. ஒரு மின்விளக்கு, கையால் வண்ணம் தீட்டிய கண்ணாடித் தட்டு, வளைத்து நெளித்த பளபளப்பான உலோகத் தகடுகள், அவற்றைச் சுழற்றும் மோட்டார்கள், முன்புறத்தில் ஒளி ஊடுருவும் திரை, இவ்வளவுதான். ஆயினும் சுழலும் உறுப்புகள் வெவ்வேறு வேகத்தில் இயங்குவதால், அவை அனைத்தும் தொடக்க நிலையில் மீண்டும் ஒன்றுசேர நெடுங்காலம் பிடிக்கிறது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்துக்காக 1960களில் அவர் ஆக்கிய ‘லூமியா தொகுப்பு, ஓபஸ் 158’ ஒரு சுற்றை முடிக்க 9 ஆண்டுகளும் 127 நாட்களும் 18 மணி நேரமும் தேவை. ஆக, அதன் முன் நிற்பவர் எவரும் காண்பது ஒரு துணுக்கையே.

அதே அருங்காட்சியகம் 1952இல் நடத்திய ‘15 அமெரிக்கர்கள்’ கண்காட்சியில் ஜாக்சன் பொல்லாக், மார்க் ராத்கோ ஆகியோருடன் இவரும் இடம்பெற்றார். எனினும் ஓவியத்தைப் போலச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிட முடியாத படைப்புகள் இவை. விளக்கு மங்கும், மோட்டார் தேயும். பல ஆண்டுகள் கிடங்கில் முடங்கிய ஓபஸ் 158, யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் 2017ஆம் ஆண்டுக் கண்காட்சியை ஒட்டிச் சீரமைக்கப்பட்டது. இதற்கிடையே, 2011இல் வெளிவந்த டெரன்ஸ் மாலிக்கின் ‘தி ட்ரீ ஆஃப் லைஃப்’ திரைப்படத்தில் தோன்றும் தழல் போன்ற ஒளி வில்ஃப்ரெட்டின் ஓபஸ் 161இலிருந்து எடுக்கப்பட்டதே. அதைக் கணினி வரைகலை என்று எண்ணிய பார்வையாளர்கள் பலர் இருந்திருக்கக்கூடும்.