கலப்பையும் யுகுலேலேயும்

யுகுலேலே என்னும் சிறு நரம்புக் கருவி இன்று கொழும்பிலும் கண்டியிலும் உள்ள இசைக்கடைகளிற் கிடைக்கிறது. நைலோன் நரம்புகள் நான்கு. கைக்குழந்தையைப் போல் மார்போடு அணைத்து மீட்டத்தக்க அளவு. கிற்றார்க் கம்பியைப் போல் விரல்நுனியைப் புண்படுத்தாத மென்மை. பிள்ளைகள் இதனை விரைவிற் பயில்வர் என்பது கண்டே, 1960களின் பிற்பகுதியிற் கனடாவின் ஹலிபாக்ஸ் நகரில் சல்மர்ஸ் டோன் என்னும் இசையாசிரியர் இதனைப் பாடசாலைக் கருவியாக்கினார். இதனை வாங்குவோர் உடனே கேட்கும் கேள்வி, ‘எந்த உறை நல்லது?’ என்பதாகும். சிறிய கேள்விதான். ஆயினும் அதனை மாவனல்லையில் இருந்து கேட்கும்போது விடை வேறாகிறது. கடைக்காரர் இதைச் சொல்வது அரிது. கருவியோடு வரும் அச்சுத்தாள் சொல்வது அதனினும் அரிது.

அவ் அச்சுத்தாள் பெரும்பாலும் குளிர்நாட்டாரின் அனுபவத்தில் எழுந்தது. பனிக்காலத்தில் அவர்கள் வீட்டை வெப்பமூட்டுகின்றனர். அறைக்காற்று வறண்டு, ஈரப்பதன் நூற்றுக்கு முப்பதினுங் கீழே இறங்குகிறது. யுகுலேலேயின் மேற்பலகையோ இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்படாத கனமுடையது. வறண்ட காற்றில் அது சுருங்கி, நார்வாக்கிற் பிளந்துவிடும். எனவேதான் ‘காற்றுப் புகாத கெட்டிப் பெட்டியில் வையுங்கள்; உள்ளே ஈரப்பஞ்சு ஒன்றும் இடுங்கள்; ஈரப்பதன் 45 முதல் 55 வரை நிற்கட்டும்’ என்று அவர்கள் அறிவுரை கூறுகின்றனர். அவர்களுக்கு அது மெய்யான அறிவுரை. அவர்களுடைய பெட்டி, ஈரத்தை உள்ளே காத்து வைப்பதற்கென்று பிறந்தது.

மாவனல்லைக்கு ஈரத்தைக் காத்துவைக்கும் கவலை என்றும் இருந்ததில்லை. ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர் இது. வைகாசியில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று ஒரு புறம். ஐப்பசியில் பிற்பகல்தோறும் இடியோடு இறங்கும் மழை மறு புறம். 1833 இல் மாஓயாவின் மேற் கட்டப்பட்ட செங்கற் பாலத்தைக் கடந்து, அரநாயக்கைப் பக்கமாக மலையேறும் வழியில், விடியற்காலையிற் காற்றின் ஈரப்பதன் எண்பதைத் தாண்டி நிற்பது வழக்கம். ஈரப்பதன் ஐம்பதாயிருக்கும் காற்றில் மரம் தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு நீர் கொள்ளும். எண்பதில் அது பதினாறு பங்காகிறது. அவ்வளவு நீர் ஏறிய மெல்லிய பலகை குறுக்குவாக்கில் ஊதி வயிறு தள்ளுகிறது. நரம்புகள் விரற்பலகையை விட்டு உயர்கின்றன. நேற்று எளிதில் அழுந்திய நரம்பு இன்று பிள்ளையின் விரலை நோகச் செய்கிறது. பிள்ளை தன் கையைப் பழிக்கும், குற்றம் காற்றினுடையது. இந்நிலையில் அச்சுத்தாளை நம்பி உள்ளே ஈரப்பஞ்சு வைப்பது, நனைந்து வந்தவன் தலையில் குடம் நீர் கவிழ்ப்பதாகும்.

இதனைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. றப்பர்த் தாளைப் புகைக்கூடத்திற் போதிய அளவு உலர்த்தாமல் அடுக்கிக் கட்டினால் இரண்டு கிழமையிற் பூஞ்சணம் பூக்கும் என்பது பால்வெட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தேயிலைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். காகிதப் பைகள் வந்து அதனை நீக்கும்வரை, ஒட்டுப்பலகையால் அமைந்து உள்ளே ஈயத்தாளோ அலுமினியத் தாளோ இட்ட அப்பெட்டிதான் மலைநாட்டுத் தேயிலையைக் கடல்கடந்து காத்தது. ஆனால் அதற்குள் இடப்பட்ட தேயிலை, நூற்றுக்கு மூன்று பங்களவே ஈரம் எஞ்சுமாறு முன்னரே சூளையில் உலர்ந்தது. உலர்ந்ததை மூடினால் பெட்டி உலர்வைக் காக்கும். ஈரமானதை மூடினால் ஈரத்தைக் காக்கும். மழையில் நடந்து வந்த பிள்ளை யுகுலேலேயைக் கெட்டிப் பெட்டியிலிட்டுப் பூட்டி, சனிக்கிழமை திறந்தால், பெட்டியின் வெல்வெட்டு உள்விரிப்பிற் பச்சைப் புள்ளிகள் தோன்றியிருக்கக் காண்பது வியப்பன்று.

ஆகவே, கெட்டிப் பெட்டி ஆகாதென்பது அல்ல நம் கருத்து. நெரிசலான பஸ் வண்டியில் முழங்கைக்கும் மூட்டைக்கும் இடையே நசுங்காமற் காப்பதற்கு அதனை மிஞ்சியது இல்லை. அவ்வாறு வாங்குவோர், கருவி வீடு சேர்ந்ததும் அதனை வெளியே எடுத்துத் துடைத்து, பெட்டியையும் திறந்து வைக்கப் பழகவேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப்பொதி ஒன்றை உள்ளே இடலாம். அதுவும் நிறைந்துவிடும் பாத்திரமே. சில கிழமைக்கொருமுறை மணிகளை வேறாக்கி, சமையலுக்கு உதவாத பழைய சட்டியில் இட்டு மெல்லச் சூடாக்கினால் மீண்டும் வேலை செய்யும். விலை குறைந்த கருவியை வாங்கினோமே என்று ஏங்குவோருக்கும் ஓர் ஆறுதல் உண்டு. தனிப்பலகையாலான விலைமிக்க கருவியைவிட, ஒட்டுப்பலகையாலான எளிய கருவி ஈரத்தை நன்கு தாங்கும். நம் தட்பவெப்பம் ஏழைக்கு இரங்கும் இடம் இஃது ஒன்றே போலும்.

இக்கருவியின் பிறப்பும் எளியோரிடத்ததே. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல், போர்த்துக்கேயருடைய மதேரா தீவிலிருந்து நானூற்றுக்கு மேற்பட்ட மக்களை ஏற்றிக்கொண்டு ஹோனலூலுத் துறையை அடைந்தது. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் அவர்கள். அவர்களோடு மஷேட் என்னும் சிறு நரம்புக் கருவியும் வந்தது. அதே கப்பலில் வந்த மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியஸ், ஜோசே டோ எஸ்பிரித்து சாண்டோ என்னும் மூன்று தச்சர்கள், தோட்ட வேலை முடிந்தபின் ஹோனலூலுவிற் பட்டறை வைத்து, உள்ளூர்க் கோவா மரத்தில் அதனைப் புதிதாய்ச் செய்தனர். ஹவாய் மக்கள் அதற்கு இட்ட பெயருக்குத் ‘துள்ளும் தெள்ளு’ என்று பொருள் சொல்வர். 1915 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பின்னர் அமெரிக்காவெங்கும் அது புகழ் பெற்றது.

தோட்டக் கூலிகளோடு கடல் கடந்த கருவி என்றதும் மலையக வாசகர் நெஞ்சு வேறொன்றை நினையாதிராது. நம் முன்னோரும் அந்நூற்றாண்டில்தான் கோப்பிக்கும் தேயிலைக்கும் பின்னர் றப்பருக்குமாக இத்தீவுக்கு வந்தனர். தப்பும் அவர்களோடு வந்தது. விடியலிற் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் அதுவே. மாசியிற் காமன் கூத்தில் ரதியையும் மதனையும் ஆட்டுவிப்பதும் அதுவே. அத்தப்புக்கு யாரும் பெட்டி செய்ததில்லை. ஈரத்தில் தோல் தொய்ந்தால், வைக்கோலைக் கொளுத்தி அனலிற் காய்ச்சுவர். தோல் விறைத்து, ஒலி மீளும். அதற்கு உறையும் மருந்தும் நெருப்பே. யுகுலேலேயை அவ்வாறு காய்ச்ச இயலாது. சூட்டிற் பசை இளகும். ஆயினும் ஈரத்தைத் தவிர்க்க முடியாத நாட்டில், அடிக்கும் வேளைதோறும் அதனை ஓட்டிவிடுவதே வழி என்று கண்ட அறிவு, அச்சுத்தாளின் அறிவினும் நமக்கு நெருங்கியது.

இன்னும் பின்னே சென்றால், உறைக்கென்றே நம் மொழியில் ஒரு சொல் இருந்தது புலப்படும். கலப்பை என்றால் இன்று ஏரையே நினைக்கிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்குக் கலங்களை இட்ட பை என்றும் பொருள் உண்டு. கலம் என்றது இசைக்கருவியை. புறநானூற்றின் 206 ஆம் பாட்டில், அதியமான் வாயிலில் நின்று பரிசில் நீட்டித்தது கண்டு சினந்த ஔவையார், ‘போகிறோம்’ என்பதற்கு அடையாளமாகச் சொல்வது தம் கலப்பையைக் கட்டிக்கொண்டதைத்தான். மலைபடுகடாத்திற் பெருங்கௌசிகனார், நன்னனை நாடி மலைவழி நடக்கும் கூத்தரின் பைகளைக் கார்காலத்துப் பலாவிற் கொத்தாய்த் தொங்கும் காய்களுக்கு ஒப்பிடுகிறார். மாவனல்லையில் வாழ்வோருக்கு இவ்வுவமையை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை. வேலியோரத்துப் பலாவை அண்ணாந்து பார்த்தாற் போதும். இங்கு நாம் ஊன்றிக் காணவேண்டியது, அவர்கள் பெட்டியைச் சுமக்கவில்லை, பையைச் சுமந்தார்கள் என்பதே. மாலையில் ஓர் ஊர், மறுநாள் வேறோர் ஊர்; சேர்ந்த இடத்திலெல்லாம் கட்டவிழ்த்து வாசித்தவர்கள் அவர்கள்.

நாள்தோறும் மீட்டப்படும் யுகுலேலேக்குப் பெரும்பாலும் பையே போதுமானது என்பது நம் துணிபு. கையின் வெதுமையும் வெளிக்காற்றின் ஓட்டமும் அதற்கு நாள்தோறும் கிடைக்கின்றன. கெடுவது பூட்டிவைத்ததே. பாடசாலைகள் சிலவற்றில் ஆர்மோனியமும் வயலினும் இரும்பலுமாரியுள் ‘பத்திரமாக’ வைக்கப்பட்டு, பரிசளிப்பு விழாவுக்குத் திறந்தபோது துருத்தி கறையான் தின்றும், வில்லின் மயிர் உதிர்ந்தும் கிடந்ததை ஆசிரியர் பலர் அறிவர். பதிவேட்டில் அக்கருவிகள் ஆண்டுதோறும் நலமாகவே இருந்தன! பிள்ளை கைபட்டாற் கெடும் என்னும் அச்சம், பிள்ளை கைபடாமலே கெடுக்கிறது. அலுமாரித் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதும் உறையைத் தெரிவதன் ஒரு பகுதியே.

வீட்டில் வைக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் தெரிவுக்கு இடம் அதிகம் இல்லை. அடுப்புக்கு மேலே தொங்கவிடற்க. புகையும் சூடும் பசைக்குப் பகை. மழை மோதும் புறச்சுவர் வேண்டாம். தகரக் கூரையை ஒட்டியும் வேண்டாம். பகலிற் கொதித்து இரவிற் குளிர்ந்து வியர்ப்பது அது. லயத்தின் நடுச்சுவர், இரு பக்கத்திலும் குடியிருப்பதனால், ஒப்பளவில் உலர்ந்தது. அதில் ஆளுயரத்தில் ஓர் ஆணி அறைந்து, பையின் வாயைத் திறந்து தொங்கவிடலாம்.

கடையில் விற்கும் மெல்லிய துணிப்பை தூசைத் தடுக்குமேயன்றி இடியைத் தடுக்காது. பஞ்சுறை தடித்த நல்ல பை கருவியின் விலையிற் பாதியைக் கேட்கும். ஆதலின் பசாரில் உள்ள தையற்காரரிடமே தைப்பித்துக்கொள்ளலாம். மிகச் சிறிய வகையான சொப்ரானோ, தலை முதல் அடிவரை ஏறத்தாழ 21 அங்குலம், கொன்சேட் 23, ரெனர் 26. அளவு நாடாவை நம்புவதைவிடக் கருவியைப் பழுப்புத் தாளின் மேற் கிடத்தி வரைந்துகொண்டு, சுற்றிலும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டுவது நன்று. அன்னாசிப் பழம் போல் இடையின்றிச் செய்த வகையும் உண்டு, அது இடைசிறுத்த உறையுள் நுழையாது. வெளிப்புறத்துக்கு நீர் ஊறாத படங்குத் துணி. நடுவே அரை அங்குல நுரைப்பஞ்சு. உட்புறத்துக்கு வெல்வெட்டு அன்று, கழற்றித் துவைத்து ஒரே வெயிலில் உலரும் பருத்தி. அடிப்பாகத்திற் பஞ்சை இரட்டிக்கவேண்டும். கீழே வைக்கும்போது முதலில் இடிபடுவது அதுவே. கழுத்தின் கீழே சிறு திண்டு ஒன்று தைத்தால் தலைப்பகுதி எதிலும் படாமல் நிற்கும். பாட்டுக் கொப்பிக்கென முன்புறத்திற் பை தைக்க வேண்டாம். கொப்பி நரம்புப் பாலத்தை அழுத்தும். தோளுக்கு ஒன்றன்று, இரண்டு வார்கள் வேண்டும். ஒரு கை குடைக்கும் ஒரு கை அட்டையைப் பிடுங்குவதற்கும் ஓய்வாயிருக்க வேண்டுமல்லவா? மழைநீர் பெரும்பாலும் துணியூடே புகுவதில்லை, சிப்பின் தையற் புழைகளூடே புகுகிறது. ஆகவே சிப்பைத் தலையுச்சியின் மேலே ஓடவிடாது பக்கவாட்டில் இறக்கி, அதன்மேல் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு மடிப்பைக் கவிழ்த்துத் தைக்கச் சொல்லவேண்டும்.