அயனித் தண்ணீர் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தல்ல

மலாக்காவின் கிளேபாங்கிலும் ஜாசின் பக்கத் தோட்டங்களிலும் திரும்பத் திரும்பப் பார்க்கும் கொடுமை இது. இரண்டு மூன்று கீமோவுக்குப் பிறகு உடம்பு தாங்காமல் பெண்கள் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து நேரடி விற்பனைக்காரர் வாசலுக்கு வருகிறார். "செல்லில் இருக்கும் அயனி வழிகளால்தான் மருந்து பிடிக்கவில்லை" என்று சொல்லி, தண்ணீரைக் காரமாக்கித் தரும் அயனித் தண்ணீர் இயந்திரத்தை ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குத் தலையில் கட்டுகிறார்.

அயனி வழிகள் உண்மை. தண்ணீர் வியாபாரம் பொய்.

செல்லின் சவ்வில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு போய்வரப் புரத வழிகள் உண்டு. சில மார்பகப் புற்றுச் செல்களில் ஒரு வகை சோடியம் வழி மிகையாக இயங்கி, நோய் பரவ உதவுகிறது. மருந்து பட்ட செல் சாகும்போது பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியேற்றிச் சுருங்க வேண்டும். அந்த வழிகள் மாறினால் செல் தப்பித்துவிடலாம். சிஸ்பிளாட்டின் மருந்தில் ஒரு பகுதி உள்ளே நுழைவதும் இத்தகைய குளோரைடு வழியில்தான். ஆனால் மருந்து பிடிக்காமல் போக வேறு காரணங்களும் பல உண்டு.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழு, இந்தியாவின் 11 மையங்களில் நடத்திய ஆய்வை 2023இல் வெளியிட்டது. அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிடோகெயின் ஊசி போட்டார்கள். சோடியம் வழியை அடைக்கும் மரப்பு மருந்து அது. ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், ஊசி போடாதவர்களில் 86.4 விழுக்காடு, போட்டவர்களில் 90.1 விழுக்காடு. இது அறுவை அறையில் மருத்துவர் போடும் ஊசி. குடிக்கும் தண்ணீருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தத்தின் காரநிலையை (pH) 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே வைத்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் அயனி வழிகளில்தான் வேலை செய்கின்றன. யாரோ சொன்னார்கள் என்று அவற்றை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன? முதலில் திசு ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்றின் முடிவும் இருக்க வேண்டும். உங்கள் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அவை மிக முக்கியம். நோய் திரும்பினால், "மறுபடி திசு எடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று கேளுங்கள், ஏற்பிகள் மாறியிருக்கலாம். அவசரமாகப் பேசி அனுப்பிவிடும் மருத்துவர்களும் உண்டு. தமிழும் மலாயும் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போய், புரியும்வரை கேளுங்கள்.

கட்டி தட்டுப்பட்டால் ஐசியுடன் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம், அதாவது சூராட் ருஜுக்கான், வாங்குங்கள். அரசுக் கிளினிக் கடிதத்தோடு போனால் குடிமக்களுக்கு நிபுணர் கட்டணம் 5 ரிங்கிட்டைத் தாண்டாது. தனியார் கடிதத்தோடு போனால் முதல் முறை 30. நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ள பி40 குடும்பத்தார் சிகிச்சை தொடங்கும்போதே மருத்துவமனையில் பெக்கா பி40 பாரம் கேளுங்கள். சிகிச்சையை முடிக்க 1,000 ரிங்கிட் வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் உதவி உண்டு. சந்தா கட்டியவர்கள் வேலை செய்ய முடியாமல் போனால் சொக்சோ அலுவலகத்தில் இயலாமைப் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்வது 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி குற்றம். ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்தி, மலாக்கா மாநில சுகாதாரத் துறையின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெறப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது: முதலாம் பாரம், 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்றாண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை. புகார் வந்தால்தான் அசைவோம் என்று அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும்வரை, புகாரைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது நாம்தான். சத்துமாத்திரையையும் இப்படி விற்க வந்தால் ஏமாறாதீர்கள்: புட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருந்தாலும், அது புற்றுநோயைக் குணமாக்கும் என்று அரசு சான்று தந்ததாகப் பொருளல்ல.

மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கையில், மார்பகப் புற்றுநோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டார்கள். இவ்வளவு தாமதத்துக்கு மேல் சிகிச்சையையும் பாதியில் விட்டால் உயிர்தான் போகும். மறுபடியும் சொல்கிறேன்: கீமோவை நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. சிகிச்சைத் தேதி தவறிவிட்டதா? இன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து புதுத் தேதி வாங்குங்கள்.