தங்கவயலில் ஓர் ஒற்றை ஆட்டம்

மைசூர் மைன்ஸில் கூண்டு இறங்குவது நின்றுவிட்டது. ரயிலில் போகிறவர்களின் உள்ளங்கையில் மட்டும் தோண்டும் வேலை தொடர்கிறது.

பொழுது விடிவதற்குள் மாரிக்குப்பம் ஸ்டேஷன் விழித்துக்கொள்கிறது. மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், ஊர்காம், கோரமண்டல் என்று கோலார் தங்கவயலின் பழைய சுரங்கப் பகுதிகளிலிருந்து டிபன் பாக்ஸும் தோள்பையுமாக வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் பெங்களூருக்குப் புறப்படுகிறது. போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. திரும்பி வரவும் அதே அளவு. உட்கார இடமும் துணைக்கு மூன்று பேரும் கிடைத்தால் மடியில் துண்டை விரித்து ரம்மி. கூட்டம் நெருக்கினால் ஒரு கை மேலே கம்பியில், மறு கையில் செல்போன். திரையில் ஏழு வரிசைகளாகச் சீட்டுகள். ரம்மிக்கு ஆள் வேண்டும். சாலிட்டேருக்கு யாரும் வேண்டாம்.

இந்த அன்றாடப் பயணத்துக்குப் பின்னால் ஒரு தேதி இருக்கிறது: 2001 பிப்ரவரி 28. பொதுத்துறை நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் அன்றுதான் சுரங்கங்களை மூடியது. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்ததிலிருந்து 120 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் கூண்டில் இறங்கி, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை பாறையை உடைத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலருக்கு இன்று வேலை பெங்களூரில்.

ரயிலில் ஆடுகிறவர்களில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்: சாலிட்டேர் என்பது தனியாக ஆடும் சீட்டாட்டங்களுக்கெல்லாம் பொதுப் பெயர். அவர்கள் ஆடும் வகைக்குத் தனிப் பெயர் கிளாண்டைக். அதுவும் ஒரு தங்கவயலின் பெயர்தான். கனடாவின் யூக்கான் பகுதியில் 1896 ஆகஸ்டில் கிளாண்டைக் ஆற்றின் கிளை ஓடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் சுமார் ஒரு லட்சம் பேர் பனிமலைகளைத் தாண்டக் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பது ஆயிரம் பேர்தான். அதற்குள் நல்ல நிலமெல்லாம் முன்னால் வந்தவர்கள் கையில். 1899-ல் அலாஸ்காவில் தங்கம் என்று செய்தி வந்ததும் கூட்டம் அங்கே ஓடியது. மூன்றே ஆண்டுகளில் அடங்கிய கிளாண்டைக் பரபரப்பு ஒரு சீட்டாட்டத்தின் பெயரில் நிலைத்துவிட்டது.

கையடக்கக் கருவிக்கும் சீட்டுக்கும் உள்ள உறவும் பழையது. ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1889-ல் கியோட்டோ நகரில் தொடங்கப்பட்டது சீட்டுக்கட்டு தயாரிக்கத்தான். சரியாக நூறு ஆண்டு கழித்து 1989-ல் அதே கம்பெனி கேம்பாய் கருவியைக் கொண்டுவந்து உலகத்துப் பிள்ளைகளின் கைகளைப் பிடித்தது. 1990-ல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 3.0 சாலிட்டேரை ஆபீஸ் மேஜைகளுக்குக் கொண்டுபோனது. அதை எழுதிய வெஸ் செர்ரி அப்போது அந்தக் கம்பெனியில் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர். மவுஸைப் பிடித்து ஒரு பொருளை இழுத்து வேறிடத்தில் விடுவது எப்படி என்று, புதிதாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஆட்டம் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தது. பிறகு 2003-ல் பாட்டுக் கேட்கும் ஐபாடிலும் சாலிட்டேர் ஏறியது. இப்போது செல்போனில்.

கருவி எதுவானாலும் ஆட்டம் ஒன்றே. 52 சீட்டுகளில் 28 ஏழு வரிசைகளாகக் கிடக்கும். முதல் வரிசையில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு என்று ஏழாவதில் ஏழு. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் திறந்திருக்கும். ஆக, 21 சீட்டுகள் கவிழ்ந்தபடி. மீதி 24 ஓரமாகக் கட்டில். வரிசைக்குள் பெரிய எண்ணின்மேல் அடுத்த சிறிய எண், சிவப்பும் கறுப்பும் மாறி மாறி அமரவேண்டும். கறுப்பு எட்டின் மேல் சிவப்பு ஏழு, அதன்மேல் கறுப்பு ஆறு. மேலே இருக்கும் நான்கு காலி இடங்களில் ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர் என்று இனம் பிரித்து, ஏஸ் முதல் ராஜா வரை ஏறுவரிசையில் அடுக்கி முடித்தால் ஜெயம். காலியாகும் வரிசையில் ராஜா மட்டுமே குடியேறலாம்.

பொத்தான் வைத்த கருவி என்றால் திசைப் பொத்தானால் அம்புக்குறியை நகர்த்தவேண்டும். ஒரு பொத்தான் சீட்டை எடுக்கும், போடவேண்டிய இடத்தில் அதையே மீண்டும் அழுத்தினால் வைக்கும். பக்கத்துப் பொத்தான் எடுத்ததை ரத்து செய்யும். இது பெரும்பாலான கருவிகளின் வழக்கம். செல்போனில் விரலே போதும். தொட்டால் சீட்டு தானாகவே ஓரிடத்துக்குத் தாவும். வசதிதான், ஆனால் எந்த இடம் என்பதைக் கருவி முடிவு செய்கிறது. அந்த வசதியை நிறுத்திவிட்டு, சீட்டை நீங்களே இழுத்துப் போடுவது நல்லது.

ஏனென்றால் இந்த ஆட்டத்தில் தோற்கிறவர்களில் பலர் சீட்டு மோசமானதால் தோற்பதில்லை, அவசரத்தால் தோற்கிறார்கள். கட்டைப் புரட்டுவதற்கு முன் வரிசைகளைப் பாருங்கள். கவிழ்ந்த சீட்டைத் திறக்கும் நகர்த்தலுக்கே முதலிடம். இரண்டு வழி இருந்தால் அதிகச் சீட்டுகள் புதைந்திருக்கும் வரிசையைத் தோண்டுங்கள். கையில் ராஜா இல்லாமல் ஒரு வரிசையைக் காலி செய்வதில் லாபமில்லை. ராஜா இரண்டு நிறத்திலும் இருந்தால் எது தேவை என்று கீழே பாருங்கள். சிவப்பு ஜாக் காத்திருந்தால் அதற்குக் கறுப்பு ராணி வேண்டும், கறுப்பு ராணிக்குச் சிவப்பு ராஜா வேண்டும்.

ஏஸையும் இரண்டையும் உடனே மேலே அனுப்பலாம். மற்றவற்றில் நிதானம் தேவை. சிவப்பு ஐந்தை ஆசைப்பட்டு மேலே ஏற்றிவிட்டால், அதன்மேல் அமரவேண்டிய கறுப்பு நான்குக்குத் திண்டாட்டம். கட்டிலிருந்து மூன்று மூன்றாகப் புரட்டும் ஆட்டத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. எதையும் எடுக்காமல் புரட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அதே எட்டுச் சீட்டுகள்தான் மேலே வரும். ஒன்றை எடுத்தால் அடுத்த சுற்றில் அதற்குப் பின்னால் இருப்பவற்றின் வரிசை மாறும். முதல் சுற்றில் எதையும் தொடாமல் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

எவ்வளவு ஆட்டங்களில் ஜெயிக்க முடியும்? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சார்லி பிளேக், இயன் ஜென்ட் இருவரும் 2019-ல் கணக்கிட்டார்கள். மூன்று சீட்டு முறையில், கவிழ்ந்த சீட்டுகளும் என்னவென்று தெரிந்தால், சுமார் 82 சதவீத ஆட்டங்களை ஜெயிக்கலாம். தெரியாமல் ஆடும் நமக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனால் 'இன்றைக்குச் சீட்டு சரியில்லை' என்று நாம் கலைத்துப்போடும் ஆட்டங்களில் எத்தனையோ, உண்மையில் வழி இருந்தவை என்பது மட்டும் நிச்சயம்.

ஓர் எச்சரிக்கை. உண்மையான சாலிட்டேருக்கு இணைய இணைப்பே தேவையில்லை. டேட்டாவை அணைத்துவிட்டு ஆடினால் இடையில் வரும் விளம்பரத் தொல்லையும் பெருமளவு குறையும். ஜெயித்தால் பணம் என்று சொல்லி வங்கி விவரம் கேட்கிற ஆட்டம், பெயர் எதுவானாலும், சூதாட்டம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணம், ரம்மியிலும் மற்றவற்றிலும் குடும்பங்கள் இழந்த பணமும் உயிர்களும்தான். மாதச் சம்பளத்தை நம்பி ரயில் ஏறுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

மாலையில் மாரிக்குப்பம் நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே சயனைடு மேடுகள் தெரிகின்றன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சாம்பல் நிறக் கழிவு மலைகள். சுரங்கத்தில் பம்புகள் நின்று, ஆழத்தில் நீர் ஏறிவிட்டது. ஆனால் 13 மேடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கத்தை மீண்டும் எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்தத் திட்டத்தால் ஊருக்கு வேலை வருமா, அல்லது காற்றில் இன்னும் கொஞ்சம் தூசிதானா என்பதுதான் இங்கே கேள்வி.

கம்பியைப் பிடித்து நிற்கிறவரின் கையில் கட்டு தீர்ந்துபோயிருக்கிறது. கழித்துப்போட்ட குவியலைத் திருப்பி வைத்து, மறுபடி முதலிலிருந்து புரட்டுகிறார். விதி அதை அனுமதிக்கிறது.