அஞ்சல்வழியே செவிலியர் ஆகலாமா?

வெளியூர் சென்று தங்க இயலாத மாணவியர், அஞ்சல்வழியிலோ இணையவழியிலோ செவிலியர் பயிற்சி பெறலாமா என நம்மை வினவுவதுண்டு. நம் நாட்டில் முதல்நிலைப் பயிற்சிக்கு அவ்வழி இல்லை. மூன்றாண்டுப் பட்டயமாயினும் நான்காண்டு இளநிலைப் பட்டமாயினும் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்க வேண்டியவை. ஊசி போடும் கை, ஏட்டைப் படித்தா பழகும்? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் வகுத்த செவிலியப் பட்டப்படிப்பும், முன்னரே பட்டயம் முடித்துப் பதிவு பெற்ற செவிலியர்க்கே உரியது. அவர்க்கும் மருத்துவமனைச் செய்முறைப் பயிற்சி உண்டு. 

தமிழகச் செவிலியர் கவுன்சில் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்தது. அதன் பதிவேட்டில் பெயர் ஏற உதவாத சான்றிதழைச் சுவரில் மாட்டி வைக்கலாம், வேறு பயனில்லை. ஆதலின் கட்டணம் செலுத்துமுன், "இப்படிப்பை முடித்தால் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா?" எனக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.